உறைகடல்களும் அவற்றின் பரிபாலனமும்

1980ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பெராவில் கையெழுத்தாகி, 1982இல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை ஒன்று, தென் துருவத்தைச் சூழ்ந்த சமுத்திரத்தின் ஜீவராசிகளைக் காப்பதற்கென்றே எழுந்தது. அங்கே மீன் பிடிக்க வருகிறவர் எவராயினும், இரண்டு அல்லது மூன்று பத்தாண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்ப இயலாத மாறுதல் எதையும் அந்தக் கடலின் உயிரமைப்பில் உண்டாக்கலாகாது என்று அதன் இரண்டாம் விதி கூறுகிறது. ஒரு மீனைப் பிடித்தால் அந்த மீனினம் என்ன ஆகும் என்பதோடு நில்லாமல், அதைத் தின்று வாழும் பறவையும் சீலும் திமிங்கிலமும் என்ன ஆகும் என்றும் கேட்கத் துணிந்த சட்டம் அது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆயினும் அந்த வாசகத்தினுள்ளே ஒரு நம்பிக்கை பொதிந்திருக்கிறது. மனிதன் தன் கையை எடுத்துக்கொண்டால் கடல் தானே தன் பூர்வ ஸ்திதிக்குத் திரும்பிவிடும் என்பதே அது. சுற்றுச்சூழலின் மாறுதல்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே விதியில் ஒரு தொடர் இருப்பது உண்மைதான். ஆனால் திரும்பிச் செல்வதற்குப் பூர்வ ஸ்திதி என்று ஒன்றே இல்லாமற் போகும் என்பதை, அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உலகம் உஷ்ணமாகி வரும் இக்காலத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், அது செல்லாத இடத்தில் கடலைப் பரிபாலிப்பவர்கள் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

இத்தகைய சட்டம் ஒன்று தோன்றுமுன் தென் சமுத்திரம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1775இல் காப்டன் குக் தென் ஜார்ஜியா தீவைக் கண்டு, அதன் கரைகளில் சீல்கள் மலிந்திருப்பதை எழுதிவைத்தார். அந்தக் குறிப்பைப் பூகோள அறிவுக்காக மட்டும் எல்லோரும் படிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் செல்லுமுன் அத்தீவிலிருந்து ஏற்றுமதியான உரோமச் சீல் தோல்கள் 12 லட்சத்துக்குக் குறையாது என்று ஜேம்ஸ் வெடல் என்னும் கப்பல் தலைவர் கணித்தார். 1904இல் அதே தீவின் கிரிட்விக்கன் துறையில் திமிங்கில எண்ணெய் காய்ச்சும் நிலையம் ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் தென் கோளார்த்தத்தில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 20 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். திமிங்கிலம் அருகியதும் வலை மீன்பக்கம் திரும்பிற்று. 1969-70ஆம் ஆண்டுப் பருவத்தில் தென் ஜார்ஜியாவைச் சுற்றிப் பளிங்கு ராக்காட் என்ற மீன் சுமார் 4 லட்சம் தொன் வாரப்பட்டது. ஓரிரு பருவங்களுக்குள் அந்த மீன்பிடிப்பே பொய்த்துப்போயிற்று. இவ்வளவிலும், காப்பதற்கான ஏற்பாடு வந்தபோது காப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. கிரில் விஷயத்தில்தான் முதன்முறையாகச் சட்டம், சூறை முற்றுமுன் வந்து சேர்ந்தது.

கிரில் என்பது இறாலைப் போன்ற ஒரு சிறு பிராணி. நம் கடற்கரைச் சந்தைகளில் கூனி என்று படியால் அளந்து விற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தை விவரிக்க வேண்டியதில்லை. கிரில் அதனினும் பெரிது, ஆறு சென்டிமீட்டர் வரை வளரும், ஐந்தாறு ஆண்டுகள் உயிர் வாழும் என்று மட்டும் சொன்னால் போதும். தென் சமுத்திரத்திலுள்ள கிரில் கூட்டங்களின் மொத்த எடை முப்பது கோடித் தொன்னுக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. நீலத் திமிங்கிலம் முதல் அடேலி பெங்குவின் வரை அக்கடலின் பிரதான ஜீவன்கள் நேராகவோ, ஓரிரு படிகள் கடந்தோ இந்த ஒரு பிராணியையே நம்பியிருக்கின்றன. அதுவோ பனியை நம்பியிருக்கிறது. கோடையில் தாய்க் கிரில் இடும் முட்டைகள் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, இருளிலே பொரிகின்றன. குஞ்சுகள் மெல்ல மெல்ல மேலேறி வந்து சேரும்போது கோடை முடிந்து, நீரில் மிதக்கும் நுண்தாவரங்களும் அருகிவிடுகின்றன. முதிர்ந்த கிரில் பல மாதம் பட்டினி கிடக்கவும், அதற்காகத் தன் உடலையே சுருக்கிக்கொள்ளவும் வல்லது. குஞ்சுக்கு அந்தச் சக்தி இல்லை. கடற்பனியின் அடிப்புறத்தில் பழுப்பாகப் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்றே அது குளிர்காலத்தைத் தாண்டியாக வேண்டும். ஆகவே பனி தாமதமாக உறைந்து சீக்கிரமாக உருகும் ஆண்டு, அந்த ஆண்டுக் குஞ்சுகளுக்குப் பஞ்ச ஆண்டாகிறது. அதன் பலன் ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்துப் பெங்குவின் கூடுகளில் தெரிகிறது.

தென் துருவத்தின் கடற்பனி ஆண்டுதோறும் பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, செப்டம்பரில் 180 லட்சத்துக்கும் மேலாக விரிவது வழக்கம். வட துருவத்தில் பனி குறைந்துகொண்டே வந்த காலத்தில் தெற்கிலே அது சிறிது பெருகியும் வந்தது. 2014 செப்டம்பரில் 200 லட்சத்தைக்கூடத் தாண்டிற்று. இதைக் காட்டி, உலகம் உஷ்ணமாகவில்லை என்று வாதித்தவர்களும் உண்டு. 2016இல் அந்தப் போக்கு சட்டென்று முறிந்தது. 2023 பிப்ரவரியில் பனியின் பரப்பு 18 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டுச் செப்டம்பரில் 170 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1979 முதல் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் கணக்கில் எந்தக் குளிர்காலத்திலும் அவ்வளவு குறைந்த பனி காணப்படவில்லை. சக்கரவர்த்திப் பெங்குவின் குளிர்காலத்தில், கரையோடு ஒட்டி உறைந்த பனியின் மீதே முட்டையிடுகிறது. நீர் ஒட்டாத இறகு முளைத்துக் குஞ்சு கடலில் இறங்க டிசம்பர் ஆகிவிடும். 2022ஆம் ஆண்டின் இறுதியில், பெல்லிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில் அறியப்பட்ட ஐந்து குடியிருப்புகளுள் நான்கில், அந்தக் காலம் வருமுன்னரே காலின் கீழிருந்த பனி உடைந்து போயிற்று. அவற்றில் குஞ்சுகள் பிழைத்திருக்க வழியில்லை என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள்.

இருந்தாலும் தென் துருவம் முழுவதையும் ஒரே சித்திரமாக வரைந்துவிடுவது பிழையாகும். அன்டார்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஆன்வர்ஸ் தீவை அடுத்த அடேலி பெங்குவின் குடியிருப்புகள் ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டன. திறந்த நீரை விரும்பும் ஜென்டூ பெங்குவின்கள் அவ்விடங்களில் பெருகிவருகின்றன. அதே தீபகற்பத்தின் வடகிழக்கு முனையிலோ, பனி சூழ்ந்து எளிதில் அணுக முடியாத டேஞ்சர் தீவுகளில் சுமார் 15 லட்சம் அடேலிகள் செழித்து வாழ்வது 2018இல் உலகுக்குத் தெரியவந்தது. கிரிலைப் பற்றிய வாதமும் இவ்வாறே தீராமல் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து தென்மேற்கு அட்லாண்டிக்கில் கிரிலின் அடர்த்தி வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அட்கின்சன் முதலான ஆராய்ச்சியாளர்கள் 2004இல் எழுதினார்கள். கிரில் வாழும் எல்லை துருவத்தை நோக்கித் தெற்கே ஒதுங்கிவருகிறது என்று 2019இல் அவர்களே மேலும் காட்டினார்கள். பழைய வலைகளும் புதிய வலைகளும் ஒன்றல்ல, எனவே அந்தக் கணக்கு நிற்காது என்பது மறுப்போரின் கட்சி. என் அபிப்பிராயத்தில், கூட்டம் குறைந்ததா என்ற கேள்வியைக் காட்டிலும் கூட்டம் எங்கே நகர்ந்தது என்ற கேள்வியே பரிபாலனத்துக்கு முக்கியமானது. பெங்குவினின் கூடு ஓரிடத்தில் இருக்க ஆகாரம் வேறிடம் போய்விட்டால், கடலில் மொத்தம் எத்தனை கோடித் தொன் உண்டு என்ற கணக்கு அதன் குஞ்சுக்கு உதவாது.

மாறுதல் உஷ்ணத்தோடு நிற்பதில்லை. குளிர்ந்த நீர் கரியமில வாயுவை அதிகமாகக் கரைத்துக்கொள்ளும். அதனால் துருவக் கடல்களின் அமிலத்தன்மை விரைந்து ஏறுகிறது. சுண்ணாம்பு ஓடுடைய சிறு மிதவை நத்தைகளின் ஓடுகள் கரையத் தொடங்கியிருப்பதைத் தென் சமுத்திரத்திலேயே கண்டிருக்கிறார்கள்.

வட துருவத்தின் அமைப்பு நேர் எதிரானது. தெற்கிலே கடல் நிலத்தைச் சூழ்ந்திருக்கிறது. வடக்கிலே நிலம் கடலைச் சூழ்ந்திருக்கிறது. தெற்கில் குடிமக்கள் இல்லை. வடக்கில் இனுவிட், யூபிக் முதலிய மக்கள் பனியின் மேல் வேட்டையாடி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். அந்தப் பிரதேசம் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக உஷ்ணமாகியிருக்கிறது. 2012 செப்டம்பரில் அதன் பனி 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. பனி விலகிய நீரில் சூரிய ஒளி விழுவதால் மிதவைத் தாவரங்களின் விளைச்சல் 1998க்கும் 2018க்கும் இடையே பாதிக்கு மேல் பெருகியிருக்கிறது. இதைக் கேட்டவுடன் கடல் வளம் பெற்றது என்று மகிழத் தோன்றும். ஆனால் அங்கே விளைவது எவ்வளவு என்பதோடு, எதன் உடலில் கொழுப்பாகச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மிதவைத் தாவரங்களை மேயும் சிறு பிராணியாகிய கலானஸில் துருவ நீருக்குரிய பெரிய இனங்கள், நீண்ட இரவைத் தாண்டுவதற்காக உடலெல்லாம் கொழுப்பைச் சேமிப்பவை. அட்லாண்டிக் நீரோடு வடக்கே வரும் அவற்றின் உறவினம் சிறியது, கொழுப்பும் குறைந்தது. கூட்டில் குஞ்சை விட்டு இரை தேடப் போகும் கடற்பறவைக்கு, அதே எண்ணிக்கை இரையைச் சுமந்து வந்தாலும் பாதி வயிறுதான் நிரம்புகிறது.

இந்த இடத்தில் பேரிங் கடலின் பனி நண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இக்கட்டுரையின் பொருளுக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. அலாஸ்காவுக்கு மேற்கேயுள்ள அந்தக் கடலின் ஆழமற்ற பகுதியில், குளிர்காலத்தில் பனி உறையும்போது உப்பு மிகுந்து கனத்த குளிர்நீர் அடியிலே தங்கி, கோடை முழுவதும் இரண்டு டிகிரிக்கும் குறைவான வெப்பத்தோடு ஒரு தடாகம்போல் தேங்கிக் கிடக்கும். பனி நண்டின் இளங்குஞ்சுகள் அந்தக் குளிரில் வளர்கின்றன. அவற்றைத் தின்னும் பசிபிக் காட் மீன் அந்தக் குளிருக்கு அஞ்சி உள்ளே வருவதில்லை. 2018ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பேரிங் கடலில் பனி மிகவும் சொற்பமாகவே உறைந்தது. அடிநீர்க் குளிர்ப்பரப்பும் ஏறக்குறைய மறைந்தது. காட் மீன்கள் வடக்கே ஏறி வந்தன. அந்த ஆண்டில் நண்டுகளின் தொகை இதுவரை இல்லாத அளவுக்குப் பெருகியிருந்தது. நீர் சூடேறியபோது ஒவ்வொரு நண்டின் உடலும் முன்னிலும் அதிக ஆகாரத்தை வேண்டிற்று. இருந்த தரையிலோ அவ்வளவு ஆகாரம் இல்லை. சில ஆண்டுகளுக்குள் சுமார் 1000 கோடி நண்டுகள் காணாமற் போயின. 2023இல் இதை ஆராய்ந்தவர்கள், பிரதான காரணம் பட்டினியே என்று முடிவு கண்டார்கள். 2022 அக்டோபரில் அலாஸ்கா அரசு பனி நண்டுப் பிடிப்பை முதன்முறையாக முற்றிலும் நிறுத்தியது. இரண்டு பருவங்கள் மூடிக் கிடந்தபின் 2024இல் மிகச் சிறிய அளவுக்குத் திறந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த நண்டுகளை எவரும் வரம்பு மீறிப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் ஆய்வுக்கப்பல் சென்று எண்ணி, விஞ்ஞானிகள் கூடி விவாதித்து, அளவு நிர்ணயித்து, கப்பல்களில் பார்வையாளரை வைத்து நடத்தப்பட்ட மீன்பிடிப்பு அது. உலகத்தில் நேர்த்தியாக நடப்பவை என்று எடுத்துக்காட்டப்படுபவற்றுள் அலாஸ்காவின் மீன்பிடிப்புகளும் சேர்ந்தவை. நல்ல நிர்வாகம் இருந்தும் நண்டு போயிற்று. அதனால் நிர்வாகமே வீண் என்று சொல்வோர் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது மாறானது. உஷ்ணத்தை எந்த மீன்வள அதிகாரியாலும் குறைக்க முடியாது. வலையின் அளவைக் குறைக்க முடியும். முன்பெல்லாம், வருகிற ஆண்டும் சென்ற ஆண்டைப்போலவே இருக்கும் என்று கொண்டு, பிடிக்கத் தகுந்ததன் விளிம்பு வரை பிடித்தார்கள். இனி அந்த விளிம்புக்கும் வலைக்கும் இடையே கடலுக்கென்று ஒரு பங்கை விட்டுவைத்தாக வேண்டும்; அந்தப் பங்கு எவ்வளவு என்பதே சர்ச்சைக்குரிய விஷயம்.

உஷ்ணத்தால் லாபமடைந்த கடலும் உண்டு. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கேயுள்ள பாரென்ட்ஸ் கடலில் வெப்பம் ஏறவே காட் மீன் பரவிப் பெருகிற்று. இரு நாட்டுக் கூட்டுக் கமிஷன் 2013ஆம் ஆண்டுக்கு விதித்த அளவு 10 லட்சம் தொன்னை எட்டியது. நீர் சூடேறினால் மீன் பெருகும் என்று அன்று பேசியவர்களை அந்தக் கடலே மறுத்துவிட்டது: 2025ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த அளவு 3,40,000 தொன், 1991க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைவாக அது இருந்ததில்லை. உக்ரைன் யுத்தத்தால் இவ்விரு தேசங்களுக்கிடையே மற்றப் பேச்சுகள் பெரும்பாலும் அற்றுப்போன காலத்திலும் இந்தக் கமிஷன் மட்டும் கூடிக்கொண்டிருப்பதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மீண்டும் தெற்கே வருவோம். கான்பெரா உடன்படிக்கையை நடத்தும் ஆணைக்குழு டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் கூடுகிறது. கிரில் அளவை அது நிர்ணயித்த விதம் படிப்பினைக்குரியது. சாதாரணமாக ஒரு மீனினத்தின் முட்டையிடும் தொகையில் பாதியை விட்டுவைப்பது வழக்கம் என்றால், கிரிலில் முக்கால் பங்கு எஞ்சியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள்; மிகுதி, அதைத் தின்னும் ஜீவன்களுக்காக. 2000ஆம் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பு, அட்லாண்டிக் பகுதியில் சுமார் 6 கோடித் தொன் கிரில் உண்டென்றது. அதில் நூற்றுக்கு ஒன்பது பங்களவில், 56 லட்சம் தொன் வரை பிடிக்கலாம் என்று கணக்கு வந்தது. ஆனால் அத்தனையையும் பெங்குவின் கூடுகளின் வாசலிலேயே பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தால், இடந்தோறும் பங்கிடும் முறை வகுக்கப்படும் வரை 6,20,000 தொன்னைத் தாண்டலாகாது என்று ஒரு தாழ்ந்த எல்லையை அந்தக் கணக்கெடுப்புக்கு முன்னரே வைத்திருந்தார்கள். இந்தத் தொகை உயிரியல் கணக்கிலிருந்து வந்ததன்று. அதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் மிக அதிகமாகப் பிடிக்கப்பட்டதைக் கூட்டிப் பெற்றது. தற்காலிகமாக வைத்த அந்த எல்லையே முப்பது ஆண்டுகளாகக் கடலைக் காத்து நிற்கிறது என்பது விசித்திரம்தான்.

அந்த 6,20,000 தொன்னையும் ஒரே இடத்தில் வாரிவிடாதபடி நான்கு உட்பகுதிகளாகப் பிரித்திருந்த ஏற்பாடு, 2024இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. தீபகற்பத்தை ஒட்டிய பகுதிக்கு விதித்திருந்த 1,55,000 தொன் என்ற தனிவரம்பும் அதோடு போயிற்று. மறு ஆண்டே, 2025 ஆகஸ்டில், மொத்த எல்லை முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன் மீன்பிடிப்பை நிறுத்த நேர்ந்தது. நார்வே, சீனா முதலிய தேசங்களின் கப்பல்கள் நீண்ட குழாய்களால் கிரிலை இடைவிடாது உறிஞ்சி எடுக்கின்றன. அது பண்ணையில் வளரும் சால்மன் மீனுக்கு ஆகாரமாகவும், மனிதர் விழுங்கும் எண்ணெய் மாத்திரையாகவும் ஆகிறது. இதற்கிடையே, வேட்டை நின்றபின் ஃபின் திமிங்கிலங்கள் பழைய மேய்ச்சலிடங்களுக்குத் திரும்பி வருகின்றன. 2022 ஜனவரியில் தென் ஆர்க்னி தீவுகளை அடுத்து சுமார் ஆயிரம் ஃபின் திமிங்கிலங்கள் ஒருங்கே மேய்ந்துகொண்டிருந்த நீரிலேயே கிரில் கப்பல்களும் வலை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிரில் எங்கே அடர்த்தியோ அங்கே இருவரும் வருகிறார்கள். மொத்தக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று என்று சொல்லப்படும் அளவு, ஒரு குடாவில், ஒரு மாதத்தில், முழு ஆகாரமாக இருந்துவிடலாம்.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவது, சில பகுதிகளை மூடிவைப்பது. தென் ஆர்க்னி தீவுகளின் தெற்குப் பகுதியில் 2009இலும், ராஸ் கடலில் 2016இலும் ஆணைக்குழு அவ்வாறு செய்தது. ராஸ் கடல் காப்பகம் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது, 2017 டிசம்பரில் 35 ஆண்டுக் கெடுவோடு அமலாயிற்று. கிழக்கு அன்டார்டிகா, வெடல் கடல், தீபகற்பம் ஆகியவற்றுக்கான திட்டங்களோ ஆண்டுதோறும் மேசைக்கு வந்து, பெரும்பாலும் சீனா, ரஷ்யாவின் ஆட்சேபத்தால் திரும்பிப் போகின்றன. ஆணைக்குழுவில் எல்லோரும் ஒருமனப்பட்டாலன்றி எதுவும் நிறைவேறாது. ஒருமனப்பாடு என்பது பனிப்போர்க் காலத்தில் பகைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்த சாதனம். அதை இழிவாகப் பேசுவதற்கில்லை. ஆயினும் மாறிவரும் கடலில், ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு தீர்மானமே. அந்தத் தீர்மானத்துக்கு மட்டும் ஒரே ஒரு தேசத்தின் சம்மதம் போதுமானதாக இருப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

வடக்கில் இதற்கு மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. பேரிங் கடலின் நடுவே, எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லாத நீரில் 1980களில் பல நாட்டுக் கப்பல்கள் பொல்லாக் மீனை ஆண்டுக்குப் பத்து லட்சம் தொன்னுக்கும் மேலாக வாரின. 1990களின் தொடக்கத்தில் அது அடியோடு சரிந்தது. 1994இல் ஒப்பந்தம் வந்தது. மீன் இன்றுவரை வரவில்லை. அந்த அனுபவம் மறக்கப்படவில்லை. நடு ஆர்க்டிக் சமுத்திரத்தின் 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பொதுநீரில் பனி விலகுமுன்பே, ஒரு கப்பலும் வலை வீசாத நிலையில், 2018 அக்டோபரில் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் ஐரோப்பிய ஒன்றியமும் உள்ளிட்ட பத்துத் தரப்பினர் கூடி, அங்கே என்ன இருக்கிறது என்று அறியுமுன் வணிக மீன்பிடிப்பைத் தொடங்குவதில்லை என்று கையொப்பமிட்டார்கள். 2021 ஜூனில் அமலான அந்த உடன்பாட்டின் முதற்கெடு 16 ஆண்டுகள். ஆராய்ச்சியில் அந்தப் பிரதேச மக்களின் பரம்பரை அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருப்பது வெறும் உபசாரமன்று. 1977இல், போஹெட் திமிங்கிலங்கள் அருகிவிட்டன என்று கருதி சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு அலாஸ்கா மக்களின் வேட்டைக்குத் தடை விதித்தபோது, பனியின் விளிம்பில் நின்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியாமல் பல திமிங்கிலங்கள் பனிக்கடியிலும் தொலைவிலும் கடந்து போகின்றன என்று இனுப்பியாட் வேடர்கள் வாதித்தார்கள். நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியாயிற்று. தொகை பன்மடங்கு என்று திருத்தப்பட்டது. இன்று அந்த மக்களே பங்கேற்று நடத்தும் வரையறைக்குள் வேட்டையும் நடக்கிறது, திமிங்கிலமும் பெருகியிருக்கிறது.

கடலையே திருத்திவிடலாம் என்ற எண்ணமும் இடையில் எழுந்ததுண்டு. தென் சமுத்திரத்தில் இரும்புச் சத்து குறைவு. அதைத் தூவினால் மிதவைத் தாவரம் செழிக்கும், கரியமில வாயு ஆழத்தில் புதையும், கிரிலும் பெருகும் என்பது கருத்து. கோவாவிலுள்ள தேசிய சமுத்திரவியல் நிலையமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிலையமும் சேர்ந்து 2009இல் போலார்ஸ்டெர்ன் என்னும் கப்பலில் சென்று அதைச் சோதித்தன. வஜீஹ் நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் அதை நடத்தினார்கள். தாவரம் ஓரளவு செழித்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவாதலால் கனத்த ஓடுடைய டையாட்டங்கள் வளரவில்லை. வளர்ந்தவற்றைச் சிறு பிராணிகள் மேய்ந்துவிட, ஆழத்தில் புதைந்தது மிகச் சொற்பம். எதிர்பார்த்தது பலிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் வெளியிட்டது அந்தச் சோதனையின் சிறப்பு.

ஹோபார்ட் ஆணைக்குழுவில் இந்தியா 1986 முதல் அங்கத்தினராக இருக்கிறது. கிரில் பிடிக்கும் வரிசையில் நம் கப்பல் எதுவும் இல்லை. ஆகவே அங்கே நாம் பேசும் பேச்சில் சொந்த லாபம் கலந்திருக்கிறது என்று எவரும் குறை கூற முடியாது. கிழக்கு அன்டார்டிகாவையும் வெடல் கடலையும் காப்பகமாக்கும் திட்டங்களை முன்மொழிவோருள் ஒருவராகச் சேர 2021இல் இந்தியா இசைந்தது. பாரதி என்னும் நம் ஆய்வு நிலையம் நிற்பதும் அந்தக் கிழக்குக் கரையிலேதான். கரையோரப் பனி எந்த மாதத்தில் உறைகிறது, எந்த மாதத்தில் உடைகிறது என்பதை 2012 முதல் ஆண்டு முழுவதும் நேரில் காணக்கூடிய இடம் அது. தீபகற்பத்துக்கு மறுபடியும் தனிவரம்பு விதிப்பது, கிழக்குக் கரைக் காப்பகத்தை நிறைவேற்றுவது ஆகிய இரண்டில் முன்னதற்கே இப்போது அவசரம் அதிகம். காப்பகத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் வாதாடலாம்; கப்பல்களோ ஒவ்வொரு டிசம்பரிலும் புதுப்பருவம் தொடங்கி, பெங்குவின்கள் குஞ்சுக்கு இரை தேடும் அதே மாதங்களில் அதே நீருக்கு வந்து சேருகின்றன.